சுமை இறங்கிய பின்னும்

துன்பம் வந்தபோது இறைவனை நினைப்பதும், அது நீங்கியதும் மறப்பதும் மாந்தர் இயல்பு. ஆயினும், துன்பத்தின் நடுவே நின்று ஐயுற்று, சோர்ந்து, விழுந்து, மீண்டும் எழுந்து முதிர்ந்த உள்ளங்கள் சில உண்டு. கிறித்தவ சமய வரலாற்றில் அத்தகைய உள்ளங்களுள் ஒன்று ஜான் பனியனுடையது.

இங்கிலாந்தில் பெட்போர்டு நகருக்கு அருகேயுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு பிறந்தவர் பனியன். பழுதுற்ற பாத்திரங்களைச் செப்பனிடுவது அவர் தந்தையின் தொழில். அவருடைய தொழிலும் அதுவே. இளமையில் வறுமையினும் மிகுதியாக அவரை வாட்டியது, தம் பாவங்கள் மன்னிக்கப்படமாட்டா என்னும் அச்சம். விவிலியத்தின் ஒரு வசனம் அவருக்கு ஆறுதல் தரும். மற்றொரு வசனம் அவரைக் குற்றவாளியாக நிறுத்தும். ஆண்டுக்கணக்கில் நீடித்த அந்த அகப்போரை, 1666இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார்.

அச்சம் தெளிந்து பிறருக்குப் போதிக்கத் தொடங்கியவரை அடுத்த சோதனை எதிர்கொண்டது. நாட்டுத் திருச்சபையின் இசைவின்றிப் போதித்தமைக்காக 1660இல் அவர் சிறையிலிடப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என்று ஒரு சொல் சொன்னால் விடுதலை கிட்டும். வெளியிலோ மனைவி எலிசபெத்தும் நான்கு குழந்தைகளும் ஆதரவின்றி நின்றனர். அவர்களுள் மேரி என்னும் மகள் பார்வையற்றவள். கொண்ட கொள்கைக்காகத் தாம் துன்புறுவது ஒன்று. அதற்காகக் கண்ணிழந்த குழந்தை பசித்திருப்பது வேறொன்று. இவ்வெண்ணம் அவர் நெஞ்சை அறுத்தது. காலணிக் கயிறுகள் செய்து விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். ஆனால், அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. 12 ஆண்டுகள் கழிந்தன.

சிறை எல்லாரையும் ஞானியாக்கிவிடுவதில்லை. கசப்பை மட்டுமே சுமந்து வெளிவருவோரும் உண்டு. துன்பம் தானாக எவரையும் உயர்த்துவதன்று. அதனைத் தன்னை ஆராயும் ஒளியாகக் கொள்பவனே அதனால் வளர்கிறான். பனியன் அவ்வாறு வளர்ந்தார் என்பதற்கு 1678இல் வெளிவந்த ‘மோட்சப் பிரயாணம்’ சான்று.

அந்நூலின் தலைவன் முதுகில் பாவச்சுமையோடு புறப்படுகிறான். சிலுவையின் அடியில் அச்சுமை கழன்று விழுகிறது. கதை அங்கே முடிந்திருக்கலாம், முடியவில்லை. கடினமான மலையும், இருண்ட பள்ளத்தாக்கும், மாயச் சந்தையும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஐயம் என்னும் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கன் அவனை அடைத்துவைக்கிறான். நாள் பல வாடிய பின்னரே, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதை அவன் உணர்கிறான். சுமை இறங்கினாலும் பயணம் ஓய்வதில்லை. விடுவிக்கும் திறவுகோல் கையிலிருந்தும் அதனை மறப்பது மனித நெஞ்சு. இவ்வுண்மைகளை எழுதியவர் அவற்றை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர்.

இந்தப் பயணக்கதை தமிழ் மண்ணிலும் வேர்விட்டது. 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, தமிழாசிரியராய் விளங்கி, 1858இல் கிறித்தவம் தழுவியவர் எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை. பிறந்த சமயத்தை விட்டு மற்றொன்றை ஏற்பது ஒருநாட் செயலன்று. உற்றாரின் வருத்தமும் உள்ளத்தின் ஆராய்ச்சியும் அதிலே கலந்திருக்கும். சமயம் மாறியபோதும், கம்பனிடம் கற்ற தமிழை அவர் துறக்கவில்லை. பனியனின் கதையைத் தழுவி 3,700க்கும் மேற்பட்ட பாடல்களில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். தமிழுலகம் அவரைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றியது.

பாத்திரம் செப்பனிட்டவரின் உரைநடை, புலவரின் விருத்தமாயிற்று. மொழியும் நாடும் நூற்றாண்டும் வேறாயினும், இருவர் நூலிலும் நடப்பவன் ஒருவனே. அவன் வீழாதவன் அல்லன். வீழ்ந்த இடத்தையே வீடாகக் கொள்ளாதவன். ஆன்மிக வளர்ச்சி என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் அரிது.