பாப்பா பால் - 4 அணா

எங்க வீடு கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டுல, தரைத்தளம். இதுக்கு மேல சென்னைக்காரங்களுக்கு விளக்கணுமா என்ன? 2015 டிசம்பர்ல அடையாறு ஆறு நேரா எங்க ஹாலுக்கே வந்துச்சு. பீரோ, மெத்தை, என்னோட நாலாம் கிளாஸ் பிராக்ரஸ் ரிப்போர்ட் (இதுல மட்டும் வருத்தமே இல்ல!) எல்லாம் போச்சு. ஆயாவோட டிரங்குப் பெட்டி மிதந்து தப்பிச்சுது. ஆனா உள்ளே இருந்த கடுதாசி எல்லாம் கூழ். மையால எழுதினது நீலச் சாயமா ஓடிருச்சு. பிழைச்சது உள்ளங்கை அளவு நோட்டு ஒண்ணுதான். காரணம் சிம்பிள், அது பென்சில்ல எழுதினது. பென்சில் எழுத்து தண்ணியில கரையாது!

எழுதினவர் ஆயாவோட அப்பா. ரங்கூன்ல அரிசி மில் கணக்குப்பிள்ளை. 1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டதும் ஊரே காலியாச்சு. கப்பல்ல இடம் கிடைக்காதவங்க இந்தியாவுக்கு நடந்தே கிளம்பினாங்க. நாலஞ்சு லட்சம் பேர்னு ஒரு கணக்கு. காலரா, பட்டினின்னு வழியில செத்தவங்க பல்லாயிரம். எண்ணி எழுதி வெச்சவங்க யாரும் இல்ல. எழுத்தாளர் வெ.சாமிநாத சர்மாவும் அப்படி நடந்து வந்தவர்தான். அந்தப் பயணத்தை அவர் புத்தகமாவே எழுதிட்டார். மத்த லட்சம் பேருக்கு?

எங்க வீட்டுக்கு இந்த நோட்டு. பெரிய டைரியெல்லாம் இல்லீங்க, வெறும் செலவுக் கணக்கு. ப்ரோம்ல இருந்து மலையைத் தாண்டி டவுங்கூப், அங்கிருந்து படகு, அப்புறம் சிட்டகாங். படகு 3 ரூபா, தண்ணி 2 அணா, பாப்பா பால் 4 அணா. ஒருவழியா மெட்ராஸ் வந்து சேர்ந்தது 1942 ஏப்ரல்ல. அப்ப இங்கேயும் ஜப்பான் பயத்துல ஜனங்க மூட்டை கட்டிக்கிட்டு இருந்தாங்களாம். 'நாங்க உள்ளே வர்றோம், ஊரு வெளியே போகுது'ன்னு ஆயா இன்னிக்கும் சிரிப்பாங்க.

இந்த நோட்டை நான் ஒழுங்கா படிச்சது போன வருஷம்தான். காரணம், பக்கத்துல இருக்கிற அண்ணா நூற்றாண்டு நூலகம். செமஸ்டருக்குப் படிக்கப் போய், வார்சா யூதர்களைப் பத்தின புத்தகத்துல மாட்டிக்கிட்டேன். நாஜிகள் அவங்களைச் சுவர் கட்டி அடைச்சு வெச்சப்ப, இமானுவேல் ரிங்கல்ப்ளம்ங்கிற வரலாற்று ஆசிரியர் ரகசியமா ஒரு டீம் சேர்த்தார். டைரி, ரேஷன் கார்டு, டிராம் டிக்கெட், மிட்டாய் பேப்பர்னு எதையும் விடலை. எல்லாத்தையும் தகரப் பெட்டியிலயும் பால் கேன்லயும் போட்டு மண்ணுல புதைச்சாங்க. போர் முடிஞ்சு 1946-லயும் 1950-லயும் தோண்டி எடுத்தாங்க. ரிங்கல்ப்ளம் அப்ப உயிரோட இல்ல.

மிட்டாய் பேப்பருக்கே அந்த மரியாதைன்னா? வீட்டுக்கு ஓடி வந்து நோட்டை எடுத்தேன். தினமும் 'பாப்பா பால் 4 அணா' இருக்கு. மாசி 9-ம் தேதியும் இருக்கு. 10-ம் தேதி இல்ல. அதுக்கப்புறம் எந்தப் பக்கத்துலயும் இல்ல. வேற ஒரு வார்த்தைகூட எழுதலை அந்த மனுஷன்.

ஆயாவுக்கு அப்ப எட்டு வயசு. இப்ப தொண்ணூறைத் தாண்டியாச்சு. "பாப்பா யாரு ஆயா?"ன்னு கேட்டேன். "எதுக்குடி இப்ப அது?"ன்னு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. அம்மா முறைச்ச முறை இருக்கே! ரெண்டு நாள் நான் வாயே திறக்கலை. மூணாம் நாள் அவங்களே, "தம்பிடி. மலையில"ன்னாங்க. போன்ல ரெக்கார்டரைத் தொட்டேன். "அத நிறுத்து கண்ணு"ன்னாங்க. நிறுத்திட்டேன். காதால மட்டும் கேட்டேன்.

ஜெருசலேம்ல யாத் வஷேம்னு 1953-ல ஆரம்பிச்ச நினைவகம் இருக்கு. அங்கே செத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு தாள். பேர், அப்பா, அம்மா, ஊர், எப்படிச் செத்தாங்கன்னு சொந்தக்காரங்களே நிரப்பித் தரலாம். கொல்லப்பட்ட சுமார் 60 லட்சம் யூதர்கள்ல கிட்டத்தட்ட 50 லட்சம் பேர் பேரை, இந்தத் தாள், பழைய பட்டியல் எல்லாம் வெச்சு இதுவரை சேர்த்திருக்காங்க. சமாதி இல்லாதவங்களுக்கு அந்தத் தாள்தான் சமாதி.

நோட்டை லேமினேட் பண்ணித் தர்றேன்னார் ஜெராக்ஸ் கடை அண்ணன். வேணவே வேணாம்! பழைய தாளைச் சூடு பண்ணி பிளாஸ்டிக்ல ஒட்டினா அப்புறம் பிரிக்கவே முடியாது. பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி மூணு இடத்துல வெச்சிருக்கேன். ஒண்ணு மூணாவது மாடி அத்தை வீட்டுல. ஆறு அவ்வளவு உசரம் வராதுங்கிற நம்பிக்கைதான்!

அப்புறம் ஏ4 ஷீட் ஒண்ணுல நானே கோடு போட்டு ஆயா பக்கத்துல உட்கார்ந்தேன். பேரைச் சொன்னாங்க. அது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்னும் சொன்னாங்க. அதனால இங்கே எழுதலை. பிறந்த ஊர், ரங்கூன். இறந்த நாள், மாசி 10-னு நோட்டைப் பார்த்துப் போட்டோம். இடம்? "மலைன்னு போடு." வயசு கேட்டப்ப விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாங்க, வரலை.

"கீழ ரெண்டு பல்லு வந்திருந்துச்சு. அதப் போடு."

போட்டிருக்கேன்.