ட்சுமுகி

யப்பானிய மொழியிற் பட்டுக்குப் பொதுப்பெயர் 'கினு'. துணிவகைகளுக்கோ தனித்தனிப் பெயர்கள் உள. 'சிரிமென்' என்பதன் முதற் சீன எழுத்துச் சுருங்குதலைக் குறிப்பது. இறுக முறுக்கிய ஊடையிழை, நெய்தபின் பசை நீக்குகையிற் சுருங்க, துணியின்மேல் நுண்சுருக்கங்கள் எழும். அம்மொழியைச் சிறிது பயின்ற என்னை நெடுநாள் ஈர்த்துவந்த சொல் 'ட்சுமுகி'. (முதலெழுத்தை நழுவவிட்டால் நன்முகத்தாளாகிய நம் சுமுகியாகிவிடும்!)

இது 'நூற்றல்' என்னும் வினையிற் பிறந்த பெயர். வழக்கமாகப் பட்டு நூற்கப்படுவதன்று. வெந்நீரிலிட்ட கூட்டிலிருந்து அறாத இழையாக இழுத்துச் சுற்றப்படுவது. பூச்சி துளைத்து வெளியேறிய கூடும், இரு புழுக்கள் சேர்ந்து கட்டிய கூடும் அவ்வாறு இழுக்க இசையா. அவற்றை அவித்து, நீரில் விரித்துப் பஞ்சுபோலாக்கி, அதிலிருந்து நூலெடுப்பர். யூக்கி என்னும் ஊரின் பெயர்பெற்ற ட்சுமுகிக்கு, நூற்பவர் உமிழ்நீரால் விரலை நனைத்து, முறுக்கேற்றாமலே இழையெடுப்பர். 2010 இல் யுனெஸ்கோ நிறுவனம் அக்கலையைத் தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ட்சுமுகி கரடானது, மினுக்கங் குன்றியது. தொலைவில் நின்று நோக்குவார்க்குப் பருத்தியென்றே தோன்றும்.

1628 இல் டொக்குகவா ஆட்சியினர், உழவர் பருத்தியும் நார்த்துணியுமே உடுத்தவேண்டுமென விதித்தனர். ஊர்த்தலைவர் வீட்டார் முதலியோர்க்கு மட்டும் 'ட்சுமுகிவரை' தடையில்லை என்றனர். அந்த 'வரை' என்னும் சொல்லே என்னை உறுத்துவது. புழுவுக்கு முசுக்கட்டை இலையிட்டு வளர்த்தவர் உழவர். நல்ல கூடு விலைக்குப் போயிற்று. கழிந்த கூட்டின் இழை, அதுவும் சிலருக்கே, உடம்புக்கு வந்தது. ஒரே புழுவின் இழையை ஆணையொன்று இரு சாதியாக்கிற்று எனலாம். அவ்விதி மறைந்து நெடுங்காலமாயிற்று. கைந்நூலிற் கைத்தறியில் நெய்த ட்சுமுகி இன்று செல்வரே வாங்கத்தக்க விலையது. ஆயினும் திருமணம் போன்ற சடங்குகட்கு அதனை முறையான உடையாக இன்னும் பெரும்பாலோர் கொள்வதில்லை. பணம் ஏறிற்று, வரிசை ஏறவில்லை.

இந்நிலையில், யப்பானியக் கதையொன்றை மொழிபெயர்ப்பவர் என் செய்வார்? 'பட்டுடுத்து வந்தாள்' என்றெழுதினால், எம்மவர் மனக்கண்ணிற் கூறைச்சேலையின் சரிகையன்றோ மின்னும்? 'முரட்டுப்பட்டு' என்றாலோ, உடுத்தவளின் நயமே கெடும். அடிக்குறிப்பிடலாம் என்பர் நண்பர் சிலர். கதையின் நடுவே வாசகனைக் கீழே குனியவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ட்சுமுகி என்றே எழுதி, அவள் அதனை எங்கு உடுத்துச் சென்றாள், எங்கு உடுத்துச் செல்லவில்லை என்பதைக் கதையே சொல்ல விடுவதுதான் நான் கைக்கொள்ளும் வழி.