கையின் முறையீடு

மல்லேஸ்வரம் எட்டாவது கிராசில் மாலை வேளையில் காய்கறி வாங்க வரும் நம்மவரைக் கவனித்தால், பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு விரல்களை உதறுவோரைக் காணலாம். ஒருவர் கணினியில் உழைப்பவர். இன்னொருவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்பவர். நம் வீடுகளிலோ இதற்கு வாதமென்றும் வயதென்றும் பெயர் சூட்டித் தைலம் தடவிவிடுகிறோம். முப்பதில் என்ன வயது?

இது புதுநோயன்று. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழில்நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே எழுத்தர்களின் கைவலியைக் குறித்திருக்கிறார். ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே போக்கில் அசைத்தல், பிழை நேருமோ என்னும் மனச்சுமை ஆகிய மூன்றையும் காரணமாகச் சொன்னார். பிரிட்டனில் தந்தி அடிப்போரின் கைப்பிடிப்பு 1908-இல் ஈட்டுக்குரிய நோயாக ஏற்கப்பட்டது.

மணிக்கட்டில் எலும்பும் தசைநாரும் சூழ்ந்த குறுகிய வழியொன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. துணியை அழுத்திப் பிடித்து ஊசியின்கீழ்த் தள்ளும் செயலை நாள் முழுதும் செய்தால், உள்ளே வீக்கம் கண்டு நரம்பு நெரிபடும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகும். இரவில் உறக்கம் கலையும். சுண்டுவிரல் தப்பிவிடும், அதன் நரம்பு வேறு வழியாகச் செல்வதால். கணினியில் உழைப்போர்க்குக் கழுத்து, தோள், முன்கை வலியே மிகுதி.

இயந்திரத்தில் விரல் துண்டானால் முதலாளி ஈடு தரவேண்டும். சிறுகச் சிறுகக் கெட்ட கைக்கு? 1923-ஆம் ஆண்டு ஈட்டுச் சட்டம், பட்டியலில் இல்லாத நோயாயின் அது குறிப்பிட்டதொரு விபத்தின் நேர்விளைவாக இருந்தாலன்றி ஈடில்லை என விதித்தது. அதனிடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இப்போக்கை மாற்றவில்லை. ஆயிரம் சட்டை தைத்தவர் எந்தச் சட்டையை விபத்தென்று காட்டுவார்? சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2010-இல் திருத்திய பட்டியலிலோ இவ்வகை நோய்கள் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன.

கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் (1961), ஐந்து மணி நேர வேலைக்குள் ஒரு மணி ஓய்வு தரச் சொல்கிறது. அது வயிற்றுக்கு விதித்த இடைவேளை. தசைநாணுக்கு மணிதோறும் சில நிமிடங்கள் வேண்டும். நல்ல நாற்காலி வாங்கிப் போட்டதோடு முதலாளியின் கடன் தீர்ந்துவிடாது. மணிக்கு இத்தனை உருப்படி எனக் கணக்கு விதிப்பவர் எவரோ, அக்கணக்கினால் கெடும் கைக்கும் அவரே பொறுப்பாளி என்பது நம் கருத்து.

அன்பர்களே, வலி தோன்றிய வாரத்திலேயே மருத்துவரிடம் சென்று, செய்யும் வேலை இன்னதென்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மேலதிகாரிக்குத் தேதியிட்டுக் கடிதம் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதத் தயங்குவோர்க்கு நம் சங்கத்தார் எழுதித் தருவார்கள், இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதையும் கையோடு கொண்டுவருக.