'புட் அப் வித்'

ஆங்கிலத்தில் சின்னஞ்சிறு சொற்கள்தாம் எம்மை அதிகம் அலைக்கழிக்கின்றன. 'புட்' என்றால் வை, 'அப்' என்றால் மேலே, 'வித்' என்றால் உடன். மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வரும் பொருளோ 'பொறுத்துக்கொள்' என்பதாகும். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் படிக்கும் எமக்கு இத்தகைய 'பிரேசல் வேர்ப்' என்றாலே மனனம்தான்.

ஆனால் சற்று நின்று பார்த்தால் இதில் சுவையுண்டு. விருந்தாளியை 'புட் அப்' செய்தால் வீட்டில் தங்க இடம் கொடுக்கிறோம். அறிவித்தலைச் செய்தால் சுவரில் ஒட்டுகிறோம். 'புட் அப் எ ஃபைட்' என்றால் எதிர்த்துப் போராடுகிறோம். 'வித்' வந்து ஒட்டிக்கொண்டதும் போராட்டம் மறைந்து பொறுமை வந்துவிடுகிறது!

இச்சொல்லுக்குப் பின்னால் நல்லது எதுவும் வராது. இரைச்சல், வெயில், முரட்டுப் பேச்சு ஆகியவையே வரும். மாம்பழத்தை யாரும் 'புட் அப் வித்' செய்வதில்லை. "இதற்கு மேல் பொறுக்க மாட்டேன்" என்று மறுக்கவும் ஆங்கிலேயர் இதையே எடுக்கிறார்கள்: 'ஐ வோன்ட் புட் அப் வித் இட்'. பொறுக்கவும் மறுக்கவும் ஒரே சொல்.

எங்கள் வீடுகளில் இதற்கு நெருக்கமான சொல் 'சபூர்'. நோயிலும் மௌத்திலும் எம்மைத் தாங்கி நிற்பது அதுதான். ஆனால் அச்சொல்லை எல்லா இடத்திலும் வைக்கலாமா?

என் தோழி ஒருத்தி டியூஷனுக்கு பஸ்ஸில் போய்வருவாள். நெரிசலைச் சாட்டாக வைத்து ஒருவன் தினமும் உரசிக்கொண்டு நிற்பான். வீட்டில் சொன்னாள். "கொஞ்சம் சபூரா இருங்க மகள், சோதனை முடிஞ்சிரும்" என்றார்கள். இரண்டு கிழமைகளில் அவள் வகுப்பையே நிறுத்திவிட்டாள். பொறுத்தவளும் அவள், இழந்தவளும் அவள். அவன் அதே பஸ்ஸில்தான் போகிறான்.

யூசுப் நபியைப் பிரிந்த யஃகூப் நபி அழகிய பொறுமையை மேற்கொண்டார் என்று குர்ஆன் கூறுகிறது. துயரத்தை அல்லாஹ்விடம் முறையிட்ட அவர், அதே சூராவில் தம் மக்களிடம், போய் யூசுபைத் தேடும்படியும் சொல்கிறார். அவருடைய சபூர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை.

அல்லாஹ்வின் சோதனைக்குச் சபூர் செய்வது இபாதத். மனிதன் செய்யும் அநியாயத்தை மறைக்க அப்பெயரைச் சூட்டுவது இபாதத் ஆகாது. எமது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவும் பாலியல் தொந்தரவைக் குற்றமென்றே சொல்கிறது.

அன்பான பெற்றோரே! 'பொறு' என்ற ஒரே வேரிலிருந்தே பொறுமையும் பொறுப்பும் பிறந்தன. மகள் வந்து ஒன்றைச் சொன்னால், முன்னதை அவளிடம் கேட்குமுன் பின்னதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நால்வர் தோழியின் வாப்பாவிடம் போய்ப் பேசினோம். அடுத்த கிழமை முதல் அவளையும் சேர்த்து ஐவராக ஒரே பஸ்ஸில் போகப் போகிறோம். யாருடைய கையாவது நீண்டால், கண்டக்டருக்குக் கேட்கும்படி உரத்துச் சொல்வதென்று முடிவெடுத்திருக்கிறோம்.