திரும்பும் நேரம்

நுழையும்முன்

பயணம் என்றதும் சென்று சேரும் இடமே நம் நினைவுக்கு வருகிறது. திரும்பி வருவதும் பயணத்தின் பகுதியே என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பனி மூடிய மலையில் ஒரு பகல் நடந்து திரும்ப விரும்பிய கரிசல் நிலத்து மாணவி ஒருத்தி, தன் பயணத்தை எவ்வாறு திட்டமிட்டாள், அத்திட்டம் அவளிடம் எதைக் கேட்டது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

கரிசலில் நடப்பது

எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில், மழைக்காலத்தில் ஒருவர் எவ்வளவு தொலைவு நடந்தார் என்று எவரும் கேட்பதில்லை. எவ்வளவு நேரம் நடந்தார் என்றே கேட்பர். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண், ஐப்பசி மழையில் குழைந்து காலைப் பற்றிக்கொள்ளும். பத்தடி வைப்பதற்குள் பாதம் இருமடங்கு கனத்துவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டும். கோடையில் அரைமணி நேரத்தில் சென்றடையும் காட்டுக்கு அப்போது ஒன்றரை மணி நேரமாகும். தொலைவு மாறவில்லை, நிலம் மாறிவிட்டது.

இதனை அறிந்த மானாவாரி உழவர் ஒருவர், மழைநாளில் காட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் வீட்டு வாசலில் நின்று மனைவியிடம் ஒரு செய்தி சொல்வார். “விளக்கு வைக்கும் முன்னே வந்துருவேன். வரலேன்னா ஓடைக்கு அந்தப் பக்கம் தங்கிட்டேன்னு வச்சுக்கோ.” ஆண்டில் பெரும்பாலான நாள்கள் வறண்டு கிடக்கும் ஓடையில், மேற்கே எங்கோ பெய்த மழையால் திடீரென வெள்ளம் வருவதுண்டு. தாம் எங்கே இருப்போம், எப்போது வருவோம் என்பதை வீட்டிலுள்ள ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வழக்கம். அவருடைய மகள் அதனைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தாள். அதற்கு ஒரு பொருள் உண்டு என்பதை அவள் பனிமலைக்குச் செல்லத் திட்டமிட்டபோதுதான் உணர்ந்தாள்.

வடதிசைப் பயணம்

எட்டயபுரத்திற்கு வடதிசை புதியதன்று. இங்கே பிறந்த பாரதி இளமையில் சில ஆண்டுகள் காசியில் வாழ்ந்தார். அவருக்கு முன்பே காசியில் வாழ்ந்த முத்துசாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய நினைவிடம் இவ்வூரில் உள்ளது. பக்கத்து விருதுநகர் மாவட்டத்தின் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் உச்சியை அடைந்து, அங்குச் சென்ற தமிழ்நாட்டின் முதல் பெண் என்னும் பெருமையைப் பெற்றார். அச்செய்தியைப் படித்த நாளில்தான் கல்லூரி மாணவியான அம்மகளுக்குப் பனியில் நடக்கும் ஆசை பிறந்தது.

எவரெஸ்டைப் பற்றி அவள் எண்ணவில்லை. ஒரே பகலில் ஏறித் திரும்பக்கூடிய மலையைத் தேடினாள். உத்தராகண்ட் மாநிலத்தின் ருத்ரபிரயாகை மாவட்டத்தில் உள்ள சோப்தாவைத் தேர்ந்தெடுத்தாள். சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்விடத்திலிருந்து ஒரு நடைபாதை 3,680 மீட்டர் உயரத்தில் உள்ள துங்கநாதர் கோயிலுக்கும், அதற்கு மேல் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள சந்திரசிலா உச்சிக்கும் செல்கிறது. குளிர்காலத்தில் கோயில் நடை சாத்தப்படும். இறைவனின் உற்சவ வடிவம் கீழேயுள்ள மக்குமடத்திற்குக் கொண்டுவரப்படும். பாதை பனியால் மூடப்படும். அப்பனியில் நடக்கவே குளிர்காலத்தில் இளைஞர்கள் அங்கே செல்கின்றனர். சனவரி விடுமுறையில் தோழியர் மூவருடன் அங்குச் செல்வதென அவள் முடிவு செய்தாள்.

நேரக் கணக்கு

ஒரு பக்கத்திற்கு ஐந்து கிலோமீட்டர்தான் என்றதும் தோழியர் சிரித்தனர். அவ்வளவு தொலைவைப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்துவிடலாம் என்றனர். மகள் சிரிக்கவில்லை. கரிசல் மண்ணில் ஐந்து கிலோமீட்டர் என்னவாகும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு குறிப்பேட்டை எடுத்து நேரத்தைக் கணக்கிட்டாள்.

ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். 1,300 மீட்டர் ஏற்றத்திற்கு ஏறத்தாழ இரண்டு மணி பத்து நிமிடம். ஆகக் கூடியது மூன்று மணி பத்து நிமிடம். இது உலர்ந்த பாதைக்கான கணக்கு. பனியில் கால் புதையும். உயரத்தில் மூச்சு வாங்கும். எனவே அதனை இருமடங்காக்கினாள்: ஆறு மணி இருபது நிமிடம்.

தெரிந்து தெளிவோம்
மலைநடையின் நேரத்தைக் கணக்கிடும் எளிய விதியை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்தார். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவிற்கு ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும் என்பது அவ்விதி. பனி, காற்று, சுமை ஆகியவற்றுக்கேற்ப இந்நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்துப் பகலின் அளவைப் பார்த்தாள். சனவரித் தொடக்கத்தில் எட்டயபுரத்தில் பகல் பதினொன்றரை மணி நேரத்திற்குச் சற்று மிகுதி. வடக்கே செல்லச் செல்லக் குளிர்காலப் பகல் குறுகும். சோப்தாவில் அது பத்து மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மாலை ஐந்தரை மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். பகலில் இளகிய பனி, வெயில் போனதும் இறுகிக் கண்ணாடிபோல் வழுக்கும். ஆகவே விடியுமுன், காலை 5 மணிக்கு, நெற்றி விளக்குடன் நடக்கத் தொடங்குவது எனக் குறித்துக்கொண்டாள்.

உடையும் உணவும்

பெட்டி கட்டும்போது அவளுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. பருத்தி விளையும் மண்ணிலிருந்து செல்பவள் பருத்தி உடையை விட்டுவிட்டுச் செல்ல வேண்டியிருந்தது. வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும் பருத்தி, வெயில் நாட்டில் உடலைக் குளிர்விக்கும் நண்பன். பனியில் அக்குணமே பகையாகிறது. நனைந்த பருத்தி எளிதில் உலராமல் உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். எனவே உடலை ஒட்டி ஈரத்தை வெளியேற்றும் செயற்கை இழை உடை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றையும் பனியையும் தடுக்கும் மேலங்கி என மூன்று அடுக்குகளாக எடுத்துக்கொண்டாள். நடக்கும்போது வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுவதும், நிற்கும்போது நடுங்கும் முன்பே அதனை அணிவதும் பழக்கமாக வேண்டும்.

குளிரில் தாகம் தோன்றாது. ஆயினும் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும். ஆகவே மணிக்கு ஒருமுறை வெந்நீர் பருக வேண்டும் எனக் குறித்தாள். வெண்பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைச் சுடும் என்பதால் கறுப்புக் கண்ணாடி. வழுக்காமல் நடக்கக் காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முள்சட்டம். குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீரும் என்பதால் அதனைச் சட்டைக்குள் வைக்க ஒரு பை. வழியில் தின்பதற்கு, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய். கனம் குறைவு, ஆற்றல் மிகுதி, கையுறை அணிந்த கையாலும் எடுத்துத் தின்னலாம்.

உயரம் உடலுக்குப் பழக வேண்டும் என்பதால், முதல்நாள் சாரி என்னும் சிற்றூரில் தங்கி அருகிலுள்ள தேவரியா ஏரிவரை நடப்பது என முடிவு செய்தாள். தலைவலியும் குமட்டலும் மிகுந்தால் மேலே ஏறாமல் இறங்கிவிட வேண்டும். முதல்நாள் மாலை வானிலை அறிக்கையையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். அவ்வூரைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு குறிப்பேட்டில் எட்டுப் பக்கங்கள் நிறைந்தன.

தந்தையின் வினா

ஊருக்கு வந்திருந்த ஒரு மாலையில் அதனைத் தந்தையிடம் படித்துக் காட்டினாள். அவர் முழுவதையும் கேட்டார்.

“போறதெல்லாம் சரிதான் தாயி. திரும்புறது எப்போ?”

“சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கீழ வந்துருவோம்ப்பா.”

“அது வந்து சேர்ற நேரம். நான் கேக்குறது அது இல்ல. எத்தன மணி ஆனா, எங்க நின்னாலும் திரும்பிருவீங்க?”

அவ்வினாவுக்கு எட்டுப் பக்கங்களிலும் விடை இல்லை. உச்சியை அடையும் நேரமும் விடுதியை அடையும் நேரமும் இருந்தன. உச்சியை அடையாவிட்டால் என்ன செய்வது என்பது இல்லை. மகள் மீண்டும் கணக்கிட்டாள். இம்முறை மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். 5 மணிக்குள் கீழே இருக்க வேண்டும். இறங்க மூன்று மணி நேரம். எவருக்கேனும் கால் பிசகினால் பயன்படும் வகையில் இரண்டு மணி நேரம் கையிருப்பு. அப்படியானால் பகல் 12 மணி. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதனைப் பெரிதாக எழுதினாள். ஒரு படியைத் தந்தையிடம் கொடுத்தாள். இரவு 8 மணிக்குள் அழைப்பு வராவிட்டால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

மலையேற்ற உலகம் அந்நேரத்தின் மதிப்பைப் பெருவிலை கொடுத்தே கற்றது. 1996 மே 10ஆம் நாள் எவரெஸ்டில், திரும்ப வேண்டிய நேரம் கடந்த பின்னும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தனர். மாலையில் வீசிய பனிப்புயலில் சிக்குண்டு, அன்றும் மறுநாளுமாக எட்டுப் பேர் உயிரிழந்தனர். அதே நாளில் ஸ்டூவர்ட் ஹட்சிசன், ஜான் டாஸ்கே, லூ காசிஷ்கே என்னும் மூவர், உரிய நேரத்தில் உச்சியை எட்ட இயலாது என்பதை உணர்ந்து, நண்பகலுக்கு முன்பே திரும்பி நடந்தனர். அவர்கள் பிழைத்தனர்.

பன்னிரண்டு மணி

குறித்த நாளில் சோப்தாவில் வானம் தெளிவாக இருந்தது. ஆனால் முதல்நாள் இரவு புதுப்பனி விழுந்திருந்தது. தோழி ஒருத்தியின் முள்சட்டத்தில் வார் அறுந்து, அதனைச் சரிசெய்து புறப்படும்போது 5.50 ஆகியிருந்தது. துங்கநாதர் கோயிலை அடைந்தபோது பத்தே முக்கால். அங்கே வெந்நீர் பருகிவிட்டு மேலே ஏறினர். பனி முழங்கால்வரை புதைந்தது. 12 மணிக்கு அவர்கள் சந்திரசிலாவின் சரிவில் நின்றனர். உச்சியில் உள்ள சிறு கோயில் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் இருபது நிமிட நடை.

“இருபது நிமிசந்தான். இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பவா?” என்றாள் தோழி.

மகள் வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகமும் இல்லை. போகலாம் என்றே அவள் மனமும் சொல்லியது. நால்வரில் அவ்வுச்சியை மிகுதியாக விரும்பியவள் அவளே. வழிகாட்டி எதுவும் கூறாமல் அவளைப் பார்த்தார். முந்தைய இரவு 12 மணி என்று அவரிடம் சொன்னவளும் அவளே. எட்டயபுரத்தை அடுத்த ஒரு வீட்டில், அந்நேரத்தை எழுதிய தாளுடன் ஒருவர் காத்திருப்பார் என்பது அவள் நினைவுக்கு வந்தது. “திரும்புவோம்” என்றாள்.

இறங்கும் வழியில் தோழி பேசவில்லை. மூன்று மணிக்கு நால்வரும் சோப்தாவில் இருந்தனர். வானம் மாலைவரை தெளிவாகவே இருந்தது. மேகமும் வரவில்லை, காற்றும் வீசவில்லை. அவர்களைத் தாண்டி மேலே சென்ற வேறொரு குழு, உச்சியைத் தொட்டு நலமாக இறங்கி வந்தது. அன்றிரவு விடுதியில் அக்குழுவினர் தம் ஒளிப்படங்களைக் காட்டினர். “பார்த்தியா, போயிருக்கலாம்” என்றாள் தோழி. மகளிடம் மறுமொழி இல்லை.

ஓடைக்கரை

ஊர் திரும்பியதும் அவள் அதனைத் தந்தையிடம் சொன்னாள். அவள் குரலில் பாதி முறையீடு இருந்தது. தந்தை சற்று நேரம் கழித்துப் பேசினார்.

“ஒரு வருசம் தை மாசம், அறுத்த உளுந்து காட்டுல கெடந்துச்சு. மேற்க இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஓடையில தண்ணி இல்ல. ஆனா வந்தா திரும்ப முடியாது. கரையில நின்னு பாத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். ராத்திரி மழையில உளுந்து பூரா வீணாப்போச்சு. விடியுற வரைக்கும் ஓடையில தண்ணியே வரல. ‘தாண்டியிருக்கலாமே’ன்னு உங்க அம்மாவே கேட்டா. என்ன பதில் சொல்ல? அந்த ஒரு நாள வச்சுக் கணக்குப் பாக்கக் கூடாது தாயி. ஆயுசு பூரா அந்த ஓடையத் தாண்டணும்.”

தவறான முடிவெடுத்தவருக்கு அதன் விளைவு தெரிந்துவிடுகிறது. சரியான நேரத்தில் திரும்பியவருக்கோ, தாம் செய்தது சரி என்பதற்குப் பல வேளைகளில் எந்தச் சான்றும் கிடைப்பதில்லை. இழந்தது மட்டுமே கண்முன் நிற்கும். அச்சான்று இல்லாமலே முடிவெடுக்க வேண்டியிருப்பதால்தான், திரும்பும் நேரத்தை ஆசை பிறவாத இடத்தில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மகள் இப்போது அடுத்த குளிர்காலத்திற்கான திட்டத்தை எழுதி வருகிறாள். அதே சோப்தா, அதே சந்திரசிலா. புறப்படும் நேரத்தை 4 மணியாக மாற்றியிருக்கிறாள். முள்சட்டத்திற்கு மாற்று வார் இரண்டைச் சேர்த்திருக்கிறாள். முதல் பக்கத்தில் உள்ள 12 மணியை மட்டும் அவள் மாற்றவில்லை. உடன்வர ஒப்புக்கொண்டிருக்கும் அத்தோழியும் மாற்றச் சொல்லவில்லை.