பாக்கெட்டுக்குள் கொத்தவரை

பாம்பனில் பெரியம்மா கடலில் பாசி எடுக்கப் போய்த் திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். கண்ணாடியைக் கழற்றுவார். விரல்களில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். கடைசியில் தலையில் கட்டிய துண்டை உருவினால், முடி தென்னங்கயிறு போல விறைத்து நிற்கும். நெற்றியோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வீட்டுப் போரில் வருவது உப்புத் தண்ணி. முதலில் அதில் அலசிவிட்டு, மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்து வந்த நல்ல தண்ணியை மிச்சம் பிடித்து, கடைசியில் ஒரு குடம் ஊற்றிக்கொள்வார். அதன் பிறகும் சீப்பு பாதி முடியில் நின்றுவிடும். சிக்கெடுக்கும்போது அவர் முகம் சுளிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது என் கையில் இரண்டு பொருள்களைக் கொடுத்தார். ஒன்று பெட்டிக்கடையில் வாங்கிய ஷாம்பு பாக்கெட். மற்றது கல்லூரியில் படிக்கும் பேத்தி வாங்கி வந்த கண்டிஷனர் டப்பா.

"தம்பி, இதுல அப்பிடி என்னதான் போடுறாங்க? நம்ம எடுக்குற பாசியத்தான் போடுறாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?"

கேள்வி நியாயமானது. முப்பது வருஷமாகப் பவளப்பாறை ஓரத்தில் முங்கி எழுந்து பாசி எடுப்பவர் அவர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று தொட்டுப் பார்த்தே பிரித்துவிடுவார். அந்தப் பாசி லாரி ஏறிய பிறகு எங்கே போகிறது, என்னவாகிறது என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. எனக்கும் அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு வரிசை போல இருந்த எழுத்துகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, சொல் சொல்லாகப் படித்துப் புரிந்துகொண்டேன்.

பாசியைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை இருக்கிறது. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர் தருகின்றன. கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். மண்டபத்தில் உள்ள கடல்பாசி ஆய்வு மையம் வளர்த்துக் காட்டிய பிறகு, மூங்கில் மிதவைகளில் கட்டி 45 நாளில் அறுவடை செய்யும் கப்பாஃபைகஸ் என்ற பாசியிலிருந்து கராஜீனன் கிடைக்கிறது. பற்பசை, ஐஸ்கிரீம், சில ஷாம்புகள் ஆகியவற்றுக்குக் கெட்டித்தன்மை தருபவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் அது முடியில் ஒட்டாது. ஏன் ஒட்டாது என்று தேடிப் போனபோதுதான் கண்டிஷனரின் சூட்சுமமே பிடிபட்டது.

ஒரு பாறை மீனை எடுத்துத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவிப் பாருங்கள், கை வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் கையைக் கிழிக்கும். தலைமுடியும் அப்படித்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத அந்த இழையின் மேல், வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் படிந்திருக்கின்றன. புது முடியில் அந்தச் செதில்களின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இருக்கும். வெயிலும் உப்புக் காற்றும் சோப்பும் சாயமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகின்றன. அப்போது செதில்கள் கிளம்பி ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்கின்றன. சிக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

படலம் போன இடத்தில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. சாதாரணத் தண்ணீரில் முடியின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. சேதமான இடத்தில் அது இன்னும் கூடுதலாக இருக்கும். கராஜீனனும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒரே இனம் என்பதால் தள்ளிக்கொள்கின்றன. பாசி அலசலோடு போய்விடுகிறது. முடியில் ஒட்டிக்கொள்ள நேர்மின்னூட்டம் உள்ள பொருள் வேண்டும்.

அந்த ஷாம்பு பாக்கெட்டில் நான் எழுத்துக்கூட்டிப் படித்த நீளமான பெயர் இது: குவார் ஹைட்ராக்ஸிப்ரோப்பைல்ட்ரைமோனியம் குளோரைடு. பயமுறுத்தும் பெயர். ஆனால் முதல் சொல்லில் நின்று பார்த்தால், குவார் என்பது நம் கொத்தவரங்காய். பருப்புப் போட்டுப் பொரியல் செய்கிறோமே, மோரில் ஊறவைத்து வற்றல் போடுகிறோமே, அதே செடிதான். அதன் விதைக்குள் இருக்கும் பிசினை எடுத்து, அதில் நேர்மின்னூட்டம் கொண்ட சிறு பகுதிகளைக் கோத்துவிடுகிறார்கள். பெயரின் வாலில் உள்ள 'மோனியம்' அதைத்தான் சொல்கிறது. உலகத்தில் விளையும் கொத்தவரையில் ஐந்தில் நான்கு பங்கு நம் நாட்டில்தான் விளைகிறது. அதிலும் பெரும்பகுதி ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில்.

ஷாம்புவில் இது நூற்றில் அரைப்பங்கைத் தாண்டுவது அபூர்வம். பாக்கெட்டுக்குள் இருக்கும்வரை நுரைக்கும் பொருளோடு கலந்து கரைந்தே கிடக்கும். தலையில் தண்ணீர் ஊற்றி அலச அலச, கலவை நீர்த்து, இந்தப் பிசின் நுண்ணிய திவலைகளாகப் பிரிந்து முடியில் படிகிறது. எங்கே சேதம் அதிகமோ அங்கேதான் அதிகமாகப் படிகிறது. டப்பாவில் இருந்த கண்டிஷனரில் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு என்று வேறொரு பெயர் இருந்தது. மூலப்பொருள் வேறு, ஆனால் வேலை அதேதான். கூடவே செட்டியரில் ஆல்கஹால் என்று பார்த்துப் பதற வேண்டாம். அது மெழுகு போன்ற கொழுப்பு. முடியை உலர்த்தும் சாராய வகை இல்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு அம்மாச்சியின் ஞாபகம் வந்தது. வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டு அரைத்துத் தலையில் அப்புவார். வெந்தயப் பசையும் கொத்தவரைப் பிசினும் ஒரே குடும்பம். கேலக்டோமன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலிதான் இரண்டிலும் இருக்கிறது. செம்பருத்தி இலையின் கொழகொழப்பு, சீயக்காயில் கலக்கும் வடிகஞ்சி, கடைசியில் தெளித்த புளித்த மோர் எல்லாமே காரணத்தோடு வந்தவை. பசை வழுவழுப்பைத் தந்தது, புளிப்பு கிளம்பிய செதிலைப் படியவைத்தது. கடலுக்குப் போகும் முன் பெரியம்மா தேய்த்துக்கொள்ளும் தேங்காயெண்ணெயும் வெறும் பழக்கம் இல்லை. அந்த எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று ரெலே, மோஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் எழுதியிருக்கிறார்கள். மின்னூட்டம் ஒன்றுதான் நம் அடுக்களைக்கு எட்டாமல் இருந்தது. அதைத் தொழிற்சாலை சேர்த்தது.

எனவே இந்தப் பொருளை விஷம் என்று தூற்ற எனக்கு மனம் வரவில்லை. அமுதம் என்று போற்றவும் முடியவில்லை. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. அதற்கு ஊட்டம் கொடுக்கிறோம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கண்டிஷனர் காயத்தை ஆற்றுவதில்லை, காயத்தின் மேல் ஒரு துணியைப் போர்த்துகிறது. அடுத்த குளியலில் அது போய்விடும், மறுபடி போர்த்த வேண்டும். சிக்கெடுக்கும்போது அறுந்து விழும் முடி மிச்சமாகிறதே, அந்த நன்மை உண்மையானது. தலைத்தோலில் தேய்க்காமல் நுனிப்பாதியில் மட்டும் பூசினால் அதுவே போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முடியில் ஒட்டும் அந்தக் குணம் கடலிலும் மாறாது. பெஹென்ட்ரைமோனியம் வகைப் பொருள்கள் நீருயிர்களுக்கும் பாசிக்கும் நஞ்சு. ராமேஸ்வரத்து அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நனைந்து வருகிறவர்கள், கரையில் நின்று பாக்கெட்டைக் கிழிக்க வேண்டாம். அதே கடலில்தான் பெரியம்மாவின் பிழைப்பு இருக்கிறது.

பொங்கலுக்குப் போனபோது பதில் சொன்னேன். "முடியில ஒட்டுறது பாசி இல்ல பெரியம்மா, கொத்தவரங்கா."

அவர் நம்பவில்லை. "கொத்தவரங்காயா? அது எங்கிட்டு வெளையுது?"

"ராஜஸ்தான்ல. மழையே இல்லாத ஊரு."

"நம்ம ராம்நாடு மாதிரியா?"

"அதைவிட மோசம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு டப்பாவிலிருந்து பட்டாணி அளவு எடுத்து, நான் சொன்னபடி நுனியில் மட்டும் பூசி, மிச்சம் பிடித்திருந்த நல்ல தண்ணியில் அலசினார். திண்ணையில் உட்கார்ந்து சீப்பை வைத்தார். வழக்கமாக நிற்கும் இடத்தில் சீப்பு நிற்கவில்லை. நுனியை விரலால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.