மலேசியா போய்வர எவ்வளவு முடிஞ்சிச்சு சேர்?



தவணை விடுமுறையில் உம்மா, மனைவி, நான் மூவரும் கோலாலம்பூர் போய் வந்த நாளிலிருந்து இதே கேள்விதான். ஸ்டாப் ரூமிலும் கேட்கிறார்கள், ஜும்ஆ முடிந்து வரும்போதும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வியை ஒரு தம்பி கேட்டார்: "இடர் கடன் எடுத்துப் போகலாமா சேர்?" அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கடன் எடுக்கவில்லை. சீட்டுக் காசில் டிக்கெட், விசா, பொதிக்கான கட்டணம் மூன்றையும் முடித்தோம். மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் கைப்பொதி 7 கிலோ மட்டும்தான். பெரிய பொதிக்கு வேறாகக் கட்ட வேண்டும். ஆசிரியர்கள் வெளிநாட்டு லீவு அனுமதியையும் நேரத்துக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போன பிறகு ஆகும் செலவைத்தான் நாட்கணக்காகப் பிரித்தேன். ரிங்கிட்டுக்கு 70 ரூபாய் என்று வைத்துக் கொப்பியில் எழுதியது இது. மூன்று பேருக்கு ஒரு நாளுக்கு: அறை 130, வெளிநாட்டவர் அறைக்குக் கட்டும் சுற்றுலா வரி இரவுக்கு 10, சாப்பாடு 90, ரயில் பஸ் 25, நுழைவுச் சீட்டு 25, அவசரத்துக்கு 20. மொத்தம் 300 ரிங்கிட், அதாவது 21,000 ரூபாய். ஐந்து நாளுக்கு 1,05,000.

விமான நிலையம் போய்வரும் செலவை இதில் சேர்க்கவில்லை. அதைத் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே கணக்கு உடையும். வேக ரயிலுக்கு ஒருவருக்கு 55 ரிங்கிட். பஸ் அதைவிட எவ்வளவோ மலிவு, ஒரு மணித்தியாலம் அளவில் எடுக்கும். நாங்கள் பஸ்ஸில் போனோம்.

காசில்லாமல் பார்க்கவும் நிறைய இருக்கிறது. இரண்டு ஆறுகள் சேருமிடத்தில் 1909இல் கட்டிய மஸ்ஜித் ஜாமெக், 1965இல் திறந்த தேசியப் பள்ளிவாசல், இரட்டைக் கோபுரத்தடிப் பூங்கா. சாப்பாட்டுக்கு மாமாக் கடைகள். அவை தமிழ் முஸ்லிம்களின் கடைகள். ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் எடுத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. பல கடைகளில் தமிழிலேயே தேத்தண்ணி கேட்கலாம்.

இவ்வளவும் சரியாகத்தான் நடந்தது. பிழை என் பக்கம்.

ஒவ்வொரு இரவும் அறையில் இருந்து அன்றைய செலவைச் சத்தமாக வாசிப்பேன். "சோறும் கறியும் 12 ரிங்கிட், நம்மட காசில 840 ரூபா" என்று பாடம் எடுப்பது போல. இரண்டாம் நாள் பகல் உம்மா "பசிக்கல்ல மகன், நீங்க சாப்பிடுங்க" என்றார். மூன்றாம் நாளும் அதே வார்த்தை. அன்றிரவு மனைவிதான் காட்டினா: ஊரிலிருந்து வழிக்கென்று கொண்டுபோன பிஸ்கட் இரண்டு பக்கெட்டும் முடிந்திருந்தது. என் கணக்குக் குறையக்கூடாதென்று உம்மா பிஸ்கட்டும் தண்ணீருமாக இரண்டு பகலைக் கழித்திருக்கிறார். வாப்பா மௌத்தான பிறகு எங்களைப் படிப்பித்ததும் இப்படித்தான் வயிற்றைக் கட்டி. அந்தப் பழக்கத்தை மறக்கவைக்கத்தான் அவரைக் கூட்டிப் போனேன். நானே திரும்ப ஞாபகப்படுத்திவிட்டேன்.

நான்காம் நாள் சுபஹுக்குப் பிறகு முறையை மாற்றினேன். சாப்பாட்டுக் காசு 90ஐ மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 30 ரிங்கிட் கையிலேயே கொடுத்தேன். "இது உங்கட காசு உம்மா. மிச்சம் வந்தாலும் திருப்பித் தரேலாது. நான் கணக்குக் கேட்க மாட்டேன்." கொப்பியைப் பையில் வைத்துப் பூட்டினேன்.

அன்று பகல் உம்மா தானே கடைக்காரரிடம் பேசி, மீன் கறியோடு சோறு எடுத்துச் சாப்பிட்டார். கடைக்காரர் இராமநாதபுரத்துக்காரராம். ஊர்க்கதை அரை மணித்தியாலம் போனது. ஐந்தாம் நாள் காலை மூன்று பேரின் தேத்தண்ணிக்கும் உம்மாதான் காசு கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளுக்கு முன்பே இதைச் செய்யாமல் போனேனே என்றிருந்தது.

கடைசியில் 1,500க்குத் திட்டமிட்டது 1,540 ஆனது, அல்ஹம்துலில்லாஹ். சாமான் வாங்க 200 ரிங்கிட் தனியாக வைத்திருந்தோம். சொந்தக்காரர் சொன்ன பட்டியல் முழுவதையும் வாங்கவில்லை, சிலருக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

தம்பிக்கு என் பதில் இதுதான். கடன் எடுத்துப் போகாதீர்கள், ஒரு வருஷம் பிந்தினாலும் பரவாயில்லை. டிக்கெட் புக் பண்ணுவதற்கு முன்பே நாட்கணக்கை எழுதுங்கள். எழுதிய பிறகு ஆளுக்குரிய பங்கை அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள், முக்கியமாக உம்மா வாப்பாவிடம். வீண்விரயமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம் என்பது மார்க்கம் தந்த அளவு. நான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பெற்றோருடன் ஒரு பயணம் போக அல்லாஹ் எல்லோருக்கும் வாய்ப்பளிப்பானாக. செலவு பற்றி வேறு ஏதும் கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், கொப்பி இன்னும் இருக்கிறது.